இறங்கிப் போன காந்தாரம்

சாவியைக் கையில் தருவதற்கு முன்பே வீட்டுக்காரரான யாழ்ப்பாணத்து அன்ரி என் தமிழில் பிழை பிடித்துவிட்டார். "சரிங்க, நாளைக்குப் பெட்டியோட வர்றேன்" என்றுதான் சொன்னேன்.

"வர்றேன் இல்லை பிள்ளை, வாறன்."

கோயம்புத்தூரில் பிறந்து வளர்ந்து, காலமெல்லாம் வர்றேன் என்று சொல்லியே போய்வந்துகொண்டிருந்தவள் நான். ஒருவரும் வழிமறித்ததில்லை. "எங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தானுங்க சொல்லுவோம்" என்றேன்.

"ஊரே பிழையாக் கதைச்சா நான் என்ன செய்யிறது?" என்று சொல்லிச் சாவியைத் தந்தார்.

சிட்னியில், டூங்கபி ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அவருடைய வீட்டின் பின்னறையில் சில வருடங்கள் வாடகைக்கு இருந்தேன். பரமட்டாவில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் எனக்கு வேலை. இப்போது மெல்பர்னுக்கு வந்துவிட்டேன். ஆனாலும் ஒரு மின்னஞ்சலை அனுப்பப் போகும்போது தோளுக்குப் பின்னால் யாரோ நின்று தொண்டையைச் செருமுவது போல இருக்கும். திரும்பிப் பார்க்க மாட்டேன். யாரென்று தெரியும்.

அன்ரி குள்ளம். கோடையிலும் சேலைக்கு மேல் ஒரு சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. கண்ணாடி கழுத்தில் ஒரு கயிற்றில் தொங்கும். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையாவது கேட்டுக்கொண்டிருக்கும்போது இடது கையை மடியில் விரித்து வைத்துக்கொள்வார். ஒரு பிழை வந்தால் ஒரு விரல் மடங்கும். அடுத்த பிழைக்கு அடுத்த விரல். கை முழுதாக மூடினால் வாய் திறக்கும். கிரவீனில் நடந்த ஒரு பிறந்தநாள் விழாவில் வாழ்த்துரை சொல்ல எழுந்த ஒரு டாக்டர், பேச்சின் நடுவில் அன்ரியின் கையைப் பார்த்துவிட்டு, சட்டென்று நன்றி வணக்கம் சொல்லி உட்கார்ந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

மனிதர்கள் மட்டும் என்று இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் மறுசுழற்சிக்கான மஞ்சள் மூடிக் குப்பைத் தொட்டியில் போடக்கூடாததைப் போட்டால், அவர் வேலைக்குப் போனதும் இவர் கையுறை மாட்டிக்கொண்டு போய்ச் சிவப்பு மூடித் தொட்டிக்கு மாற்றிவிட்டு வருவார். ஹோம்புஷில் ஒரு தோசைக் கடையில் சாம்பாரை ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு எழுந்தார். கை கழுவப் போகிறார் என்று நினைத்தேன். நேராகக் குசினிக்குள் போய்விட்டார். சமையல்காரர் மதுரைக்காரர், அவரும் சளைத்தவர் இல்லை. "ஏம்மா, சாம்பார் எங்க ஊரா, உங்க ஊரா?" என்று அவர் கேட்டது வாசல் வரை கேட்டது. "ஊரை விடும் தம்பி, புளியைக் கதையும்" என்றார் அன்ரி. பத்து நிமிடம் கழித்து வெற்றியோடு வந்தார். சாம்பார் நிஜமாகவே நன்றாகிவிட்டிருந்தது. அதுதான் அவரிடம் எரிச்சலான விஷயம். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாக இருக்கும்.

இப்படிப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமைகளில் தாய்லாந்துக்காரர்களின் பௌத்த விகாரைக்குப் போய் அவர்களுடைய இசைக்குழுவில் வாசிக்கிறார் என்று கேள்விப்பட்டபோது, அந்தக் குழுவை நினைத்து எனக்கு முதலில் பரிதாபம்தான் வந்தது.

அன்ரியும் அவர் கணவரும் யாழ்ப்பாணத்திலிருந்து நேராகச் சிட்னிக்கு வரவில்லை. ஏதாவது ஒரு நாடு ஏற்றுக்கொள்ளும் என்று பாங்காக்கில் ஒரே ஓர் அறையில் வருடக்கணக்காகக் காத்திருந்தார்கள். விசா முடிந்து நெடுநாள் ஆகியிருந்தது. அங்கிள் ஆற்றங்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். அன்ரி சந்தையில் காய்கறிக்காரிகளுடன் சண்டை போட்டே அவர்கள் மொழியைக் கற்றுக்கொண்டார். ஒருவழியாக ஆஸ்திரேலியா வந்து சேர்ந்த கொஞ்ச காலத்தில் அங்கிள் நெஞ்சுவலியில் போய்விட்டார். தனியாகிப் போன அன்ரிக்கு என்னவோ அந்த மொழியைக் காதால் கேட்கவேண்டும் போல இருந்திருக்கிறது. விகாரைக்குப் போனார். மண்டபத்தில் சும்மா கிடந்த ஒரு வாத்தியத்தின் முன் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

அந்த வாத்தியத்தின் பெயர் கிம். தட்டையான பெட்டி, அதன் மேல் நிறையக் கம்பிகள், மெல்லிய இரண்டு மூங்கில் குச்சிகளால் தட்டி வாசிக்கவேண்டும். சீனர்கள் கொண்டு வந்ததாம். இவர்கள் வாங்கித் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். அன்ரி கார் ஓட்டமாட்டார், ஓட்டுகிறவர்களைத் திருத்துவார். அதனால் அவரை அங்கே கொண்டுபோய் விடுவது என் பொறுப்பானது. சின்ன வயதில் எட்டு வருடம் வயலின் கற்றவள் என்று தெரியாத்தனமாக வாய்விட்டுவிட்டேன். அன்றிலிருந்து நான் காரோட்டி மட்டும் இல்லை, அவர் பிடிக்கும் பிழைகளுக்குச் சாட்சியும் ஆனேன்.

குழுவின் தலைவரை எல்லோரும் ஆஜான் என்பார்கள். ஆசிரியர் என்று பொருள். வார நாட்களில் அவர் வீடு விற்கும் ஏஜெண்ட். கூரை ஒழுகுகிற வீட்டைக்கூட 'இயற்கையோடு நெருக்கமான வீடு' என்று சிரித்துக்கொண்டே விற்கக்கூடியவர். அன்ரி சொல்கிற எல்லாத் திருத்தங்களையும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். "செய்யலாம், செய்யலாம்" என்பார். பிறகு அவர் நினைத்தபடியே செய்வார். இருவருக்கும் நல்ல பொருத்தம்.

நான் முதல்முறை போன அன்று அவர்கள் ஒரு நீளமான தொடரை வாசித்துக்கொண்டிருந்தார்கள். சீனத்துச் சாயலில் ஒரு மெட்டு, அது முடிகிற இடத்தில் பர்மாக்காரர் சாயலில் ஒன்று, லாவோஸ் சாயலில் ஒன்று, வெள்ளைக்காரர் சாயலில் ஒன்று. மெட்டு மாறும்போது மேளமும் மாறும். இந்தியா, மலாயாப் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் சேர்த்து அவர்களிடம் ஒரே ஒரு சொல்தான் உண்டு. அந்தச் சொல்லைப் பெயராகக் கொண்ட ஒரு மெட்டும் வந்தது. நீளமான இரண்டு மேளங்கள் கிளம்பின. அன்ரியின் கை குச்சியோடு சேர்ந்தே மூடிக்கொண்டது.

"பிழை" என்றார். வாத்தியங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. "இது எங்கட பாட்டு இல்லை. எந்த இந்தியன் இப்பிடிப் பாடுறவன்? பிள்ளை, நீ சொல்லு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "கொஞ்சம் வேறு மாதிரிதான் இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்தேன்.

ஆஜான் சிரித்தார். "சீனர்களும் வந்து இதையேதான் சொல்கிறார்கள், இது சீனப் பாட்டு இல்லை என்று. அவர்கள் சொல்வது சரி. நாங்கள் சீனப் பாட்டு வாசிக்கவில்லை. தாய்லாந்துக்காரன் ஒருவன் சீனன் மாதிரிப் பேசிக் காட்டினால் எப்படி இருக்கும், அதை வாசிக்கிறோம். வீட்டுக் குழந்தை மாமா மாதிரி நடந்து காட்டுகிறது. நாம் ரசிக்கிறோம். குழந்தையைப் பார்த்து, நீ மாமா இல்லையே என்று யாராவது கோபிப்பார்களா?"

"மாமன் பக்கத்திலை இருந்து பாத்தால் கோபிப்பான்தானே?" என்றார் அன்ரி.

ஆஜான் யோசித்தார். வருடப் பிறப்பு வருகிறது, அவர்களுக்கும் நமக்கும் அது ஏப்ரலில் ஒரே வாரத்தில்தான் வரும். அன்றைக்குத் தொடரில் உங்கள் மெட்டு ஒன்றைச் சேர்க்கிறோம், நீங்களே கொண்டுவாருங்கள் என்றார்.

திரும்பி வரும்போது என் கார் ஓட்டத்தில் அன்ரி ஒரு பிழையும் பிடிக்கவில்லை. யோசனையில் இருந்தார். ஏதாவது ஒரு கீர்த்தனையைச் சொல்வார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி போட்டுக்கொண்டே, சுவரில் இருந்த அங்கிளின் படத்தைக் கண்ணால் காட்டிச் சொன்னார்.

"இவற்றை பாட்டைத்தான் குடுக்கப் போறன்."

"அங்கிள் பாடுவாருங்களா?"

"பாடுறதோ! அந்த மனுசன்ரை வாயிலை மோகனம் மூச்சுத் திணறினது."

பாங்காக்கில் அவர்கள் அறை நாலாவது மாடியில் இருந்தது. குடிவரவுப் பொலிஸ் எப்போது வேண்டுமானாலும் கதவைத் தட்டும். தட்டுகிறது யார் என்று உள்ளே இருந்து தெரியாது. அங்கிள் ஒரு வழி கண்டுபிடித்தார். வேலை முடிந்து படியேறும்போதே ஒரு மெட்டை முனகிக்கொண்டு வருவார். வார்த்தை கிடையாது. எங்கே பிடித்ததென்று அன்ரிக்குத் தெரியாது, தானே கட்டியது என்று அங்கிள் சத்தியம் செய்வாராம். மோகன ராகம் போல இருக்கும். ஆனால் காந்தாரம் என்கிற 'க' சுரம் நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல் இறங்கிப் போகும். தைவதமும் கூடவே சறுக்கும்.

"அந்தப் பிழையைக் கேட்டாத்தான் கதவு திறப்பன்" என்றார் அன்ரி. "எந்தப் பொலிசாலையும் அப்பிடிப் பிழையாப் பாட ஏலாது."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு கோப்பையை வைத்துவிட்டு, "எனக்கு அதை ஒருதரம், ஒரே ஒருதரம், சரியாக் கேக்கவேணும் பிள்ளை. நாலு பேருக்கு முன்னாலை. அவற்றை பாட்டு நல்ல பாட்டு. பாடின ஆள்தான் சரியில்லை" என்றார். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காதது போல இருந்துவிட்டேன். எனக்கு அவரை அன்றைக்கு ரொம்பப் பிடித்தது.

அந்த வாரம் முழுக்க மெட்டைச் சரி செய்தோம். கைபேசியில் சுருதி வைத்து, இறங்கிப் போன இடங்களை எல்லாம் தூக்கி நிறுத்தினோம். மோகனம் கண்ணாடி போல வந்தது. அன்ரி தன்னுடைய கிம்மின் கம்பிகளையும் நம் காதுக்கு ஏற்றபடி முறுக்கிக்கொண்டார். அதை அவர் எப்போதுமே செய்வது வழக்கமாம். அந்தக் குழுவில் நம்முடைய சுருதியில் நின்ற ஒரே வாத்தியம் அதுதான்.

அடுத்த ஞாயிறு ஆஜான் மெட்டைக் கண்ணை மூடிக் கேட்டார். அழகாக இருக்கிறது என்றார். அதற்கடுத்த ஞாயிறு எல்லோரும் சேர்ந்து வாசித்தார்கள். நாம் பட்டுப் புடவை கட்டி அனுப்பிய பெண் மருமகளாகி அவர்கள் வீட்டு உடையில் வந்து நின்றது போல இருந்தது எனக்கு. ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே இருந்த இடத்தை எல்லாம் குச்சியால் தட்டும் மரச் சட்டங்களும் வட்டமாக அடுக்கிய வெண்கல மணிகளும் பொடிப் பொடியான சுரங்களால் நிரப்பிவிட்டன. நான் சாட்சிக் கதிரையில் இருந்து ரசித்தேன் என்று வெளியே சொல்ல முடியாது.

"உதென்ன காந்தாரம்?" என்றார் அன்ரி. "மேலையும் இல்லை, கீழையும் இல்லை. நடுத்தெருவிலை நிக்குது."

ஆஜான் பொறுமையாக விளக்கினார். நம்முடைய ஏழு சுரங்களுக்கு நடுவே ஒரு படி பெரிது, ஒரு படி சின்னது. அவர்களுடைய ஏழும் ஏறக்குறைய ஒரே அளவுப் படிகள். யாருடைய பாட்டு வந்தாலும் இந்தப் படியில்தான் ஏறி இறங்கவேண்டும். சீனப் பாட்டும் அப்படித்தான், வெள்ளைக்காரன் பாட்டும் அப்படித்தான்.

"அப்ப படியைத் திருத்துங்கோ" என்றார் அன்ரி.

சொன்னதோடு நிற்கவில்லை. மரச் சட்டங்களைத் தட்டி ஆஜான் வாசிக்கும் அவர்களுடைய பெரிய வாத்தியத்தில், ஒவ்வொரு சட்டத்தின் அடியிலும் மெழுகும் ஈயத்தூளும் சேர்த்து உருட்டி ஒட்டியிருப்பார்கள். மெழுகு கூடினால் சுரம் இறங்கும், குறைந்தால் ஏறும். தேநீர் இடைவேளையில் நான் ஒரு முறுக்கைக் கடித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தால், அன்ரி ஒரு சட்டத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டுக் கரண்டியால் மெழுகைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். ஆஜான் முகத்தில் சிரிப்பு இல்லாமல் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஓடி வந்து சட்டத்தைப் பிடுங்கிக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டார்.

"அம்மா, இதில் மட்டும் கை வைக்காதீர்கள்."

"பிழையா இருக்குது."

"உங்களுக்குப் பிழை."

அன்ரி கரண்டியைக் கீழே வைத்தார். "அப்பிடியெண்டால் நான் வாசிக்கேல்லை. முன்வரிசையிலை இருந்து கேப்பன்" என்றார். அதைவிடப் பெரிய மிரட்டல் அவரிடம் கிடையாது.

வீட்டில் மூன்று நாள் புளிக்குழம்பு காரமாக இருந்தது. "மெட்டைத் திருப்பி வாங்கிடலாங்களா அன்ரி?" என்று கேட்டேன். "குடுத்ததைத் திருப்பிக் கேக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை" என்றார். ஆனால் அங்கிளின் படத்துக்கு முன் நின்று, "உங்கட பாட்டை நாசமாக்கப் போறாங்கள், பொறுங்கோ" என்று சொன்னது என் அறை வரை கேட்டது. அவர் ஆசைப்பட்டது ஒரே ஒரு காரியம், அதுவும் இப்படி ஆகிவிட்டதே என்று எனக்கு மனசு கேட்கவில்லை.

வருடப் பிறப்பன்று பகல் பதினொரு மணிக்கே மண்டபம் நிறைந்துவிட்டது. வெளியே இலையுதிர்காலக் குளிர். அதிலும் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள். அன்ரி முன்வரிசையில், நடுக் கதிரையில், மேடைக்கு நேராக உட்கார்ந்தார். இடது கையை மடியில் விரித்து வைத்தார். மேடையில் அவருடைய கிம் மூடியபடி ஓரமாக இருந்தது. ஆஜான் எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். அவருடைய நெற்றியில் வியர்வை.

தொடர் தொடங்கியது. சீன மெட்டில் ஒரு விரல் மடங்கியது. பர்மாவில் ஒன்று. வெள்ளைக்காரனுக்கு ஒன்று. பிறகு நீளமான மேளங்களை எடுத்து மடியில் வைத்தார்கள். மெல்லிய சத்தத்தில் புல்லாங்குழல் எங்கள் மெட்டை எடுத்தது. மரச் சட்டங்கள் பின்னால் வந்தன. இத்தனை நாள் பயிற்சியிலும் நம்முடைய சுருதியில் அன்ரியின் கிம் நடுவில் நின்று எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. இன்றைக்கு அது இல்லை. மெட்டு முழுக்க முழுக்க அவர்களுடைய படியில் ஏறியது. காந்தாரம் இறங்கியது. தைவதம் கூடவே சறுக்கியது.

நான் அன்ரியின் கையைப் பார்த்தேன். மடங்கியிருந்த விரல்களும் விரிந்துகொண்டன.

எழுந்தார். எல்லோருக்கும் நடுவே, மெட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, விறுவிறுவென்று மண்டபத்தின் வாசலுக்கு நடந்தார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆஜானின் குச்சி ஒரு கணம் தடுமாறியது. நான் கைப்பையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

அன்ரி வெளியே போகவில்லை. அந்தக் கனமான கதவை இரண்டு கையாலும் இழுத்துத் திறந்து பிடித்துக்கொண்டு, வெளியே பார்த்தபடி நின்றார். ஒரு பையன் தண்ணீர்த் துப்பாக்கியால் அவர் கம்பளிச் சட்டையில் நேராக அடித்தான். அன்ரி அவனை ஒன்றும் சொல்லவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

"அன்ரி?"

"கேக்குதோ பிள்ளை?" என்றார். "அவர் பிழையாப் பாடேல்லை. அந்தச் சாப்பாட்டுக் கடையிலை வெள்ளைக்காரருக்கு எண்டு ஒவ்வொரு பின்னேரமும் இந்த வாத்தியங்களைத்தான் வாசிக்கிறவங்கள். இதைக் கேட்டுக் கேட்டுத்தானே அந்த மனுசன் கோப்பை கழுவினது. எங்கட மோகனத்தை இவங்கட படியிலை ஏத்திக்கொண்டு வந்திருக்கிறார். நான் மேலை நிண்டு பிழை பிழை எண்டு..."

மெட்டு முடியும் வரை கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். குளிர் காற்று மண்டபத்துக்குள் வந்தது. ஒருவரும் கதவை மூடச் சொல்லவில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் ஆஜான் ஓடி வந்தார். கையைக் கூப்பியபடியே, அடுத்த முறை உங்கள் விருப்பப்படியே செய்துவிடலாம், செய்யலாம், செய்யலாம் என்று மூச்சுவிடாமல் சொன்னார். அன்ரி அவர்கள் மொழியில் ஏதோ சுருக்கமாகச் சொன்னார். ஆஜான் நம்பாமல் என்னைப் பார்த்தார். எனக்கு அந்த மொழி தெரியாது.

காரில் ஏறியதும் கேட்டேன். "அவர்கிட்ட என்னங்க சொன்னீங்க?"

"ஒரு சுரமும் மாத்தக்கூடாது எண்டனான்."

கொஞ்ச தூரம் வந்த பிறகு, கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "சிட்னிக்கு வந்த பிறகும் வேலையாலை வரேக்கை அதைப் பாடிக்கொண்டுதான் வந்தவர் பிள்ளை. இஞ்சை பொலிசும் இல்லை, பயமும் இல்லை, சும்மா ஆசைக்குப் பாடினார். நான்தான் ஒரு நாள், காது வலிக்குது, நிப்பாட்டுங்கோ எண்டனான். நிப்பாட்டிப்போட்டார். பிறகு பாடவே இல்லை."

நான் எதைச் சொன்னாலும் அது பிழையாகத்தான் இருந்திருக்கும். சிவப்பு விளக்கில் நின்றோம். அன்ரி தொண்டையைச் செருமிக்கொண்டு, மெதுவாக, அந்த மெட்டைத் தானே பாடத் தொடங்கினார். வாழ்நாள் முழுக்கச் சரியாகப் பாடிய குரல். அது எங்கேயும் வழுக்காமல் போய்ச் சரியான காந்தாரத்தில் நின்றது. நிறுத்தினார். மறுபடி பாடினார். மறுபடியும் அங்கேயேதான் போய் நின்றது.

"இறங்குதோ பிள்ளை?"

"இல்லைங்க அன்ரி. இன்னும் கொஞ்சம் இறக்கணும்."

"இறக்கிறன், இறக்கிறன்" என்று சொல்லி, நனைந்த கம்பளிச் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, முதலில் இருந்து தொடங்கினார்.